பச்சை ரோடு

மினி பஸ் பள்ளத்தில் விழுந்தால் சில்லாங்குறிச்சி ஊரே ஒரு சாண் எழும்பி உட்காரும். பஸ்ஸுக்குள் இருக்கிறவர்கள் மட்டும் இல்லை. அடுப்படியில் நிற்கிறவர், கடலைக் காட்டில் குனிந்து களை பறிக்கிறவர், மாரியம்மனுக்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிடுகிறவர், அத்தனை பேரும் இருந்த இடத்தில் இருந்தபடியே மேலே போய், ஒரு மூச்சு நேரம் அந்தரத்தில் நின்று, தொப்பென்று இறங்குவார்கள். பள்ளம் சின்னதென்றால் விரற்கடை, பெரிதென்றால் சாண். சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகள் வந்து ரோட்டைக் கடித்துத் தின்ன ஆரம்பித்த வருஷத்திலிருந்து இப்படித்தான். முதல் மாசம் ஏன் ஏன் என்று கேட்டார்கள். பிறகு, வெயில் ஏன் அடிக்கிறது என்று யாரும் கேட்காத மாதிரி இதையும் கேட்காமல் விட்டுவிட்டு, ஆக வேண்டியதைப் பார்த்தார்கள்.

அதற்குத் தூக்கல் என்று பெயர் வைத்தார்கள். டீக்கடை ராசாங்கம் கிளாஸில் முக்கால்தான் ஊற்றுவார், மீதிக் கால் தூக்கலுக்கு என்பார். சவரக் கத்தி பிடிக்கிறவர் பஸ் வரும் நேரத்துக்குக் கத்தியை மடக்கிவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்வார். தாலி கட்டும் நேரத்தைப் பஞ்சாங்கத்தோடு பஸ் டைமையும் பார்த்துத்தான் குறித்தார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே எழும்பி இறங்கி, "ஒண்ணுமில்லண்ணே, எங்கூர்ல பஸ்ஸு விழுந்திருக்கு" என்று பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தைத்தார்கள்.

வாழ வந்த மருமகள்கள் மட்டும் எழும்ப மாட்டார்கள். ஊரே மேலே போய்க் கீழே வர, புதுப்பெண் ஒருத்தி தரையில் நின்று திருதிருவென்று விழிப்பாள். அவளை நிற்க வைத்து, மஞ்சத்தண்ணி கரைத்த ஆரத்தித் தட்டை மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, ஊர்க்கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடிக்கக் கொடுத்து, "இனிமே நீ எங்க ஊரு" என்று மூன்று தரம் சொல்வார்கள். அடுத்த தூக்கலில் அவளும் எழும்புவாள். எழும்பினதும் தெருவே குலவை போடும்.

இதெல்லாம் முந்தின டிரைவர்கள் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அதற்கப்புறமும் இந்த ஊர் டிரிப்புக்கு அறுபத்தொரு தரம் எழும்பி எழும்பி இடுப்பு ஒடிந்து போகாமல் இருந்ததற்கு ஒரே காரணம் டிரைவர் கலியபெருமாள். பதினோரு வருஷமாக அந்த மினி பஸ்ஸை அவர்தான் ஓட்டினார். ரோட்டில் இருந்த அறுபத்தொரு பள்ளத்தையும் பெத்த பிள்ளைகளைப் போலப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். முதலில் வருவது சுண்டைக்காய்ப் பள்ளம், விரற்கடைதான். அப்புறம் வாத்தியார் சைக்கிளோடு விழுந்த வாத்தியார் பள்ளம், பெண் பார்க்க வந்தவன் வேட்டி அவிழ விழுந்த மாப்பிள்ளைப் பள்ளம். ஒரு முழு லாரி டயர் இறங்குகிற பெரியாஸ்பத்திரிப் பள்ளம் எல்லாவற்றுக்கும் பெரியது, விழுந்தவன் நேரே அங்கேதான் போவான். இதற்கு இடது பக்கம் அரைச் சாண், அதற்கு வலது பக்கம் புளியமரத்தை ஒட்டி என்று பாம்பு நெளிகிற மாதிரி நெளிந்து ஒதுங்கி ஒதுங்கி, பால் குடம் தூக்குகிறவன் நடையாகக் கொண்டுவந்து நிறுத்துவார். அவர் ஓட்டுகிற நாளில் ஊர் எழும்பாது. லீவு போட்டால் எழும்பும். அதனால் ஊர் அவரை லீவு போட விட்டதில்லை.

பதினோரு வருஷத்தில் அவர் எடுத்தது ஒரே ஒரு நாள். தாய்மாமன் செத்துப்போனார், எடுக்காமல் முடியாது. அன்றைக்கு வந்த மாற்று டிரைவருக்கு ரோடு தெரியாது. பெரியாஸ்பத்திரியில் முன் சக்கரம் ரெண்டும் இறங்கியது. அந்த நேரம் கலியபெருமாளின் பெண்சாதி தையல்நாயகி அடிபம்பில் குனிந்து தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். எழும்பியவள் இறங்கும்போது பம்புக் கட்டையில் நெற்றி மோதி, வலது கண்ணுக்குள் கறுப்புத் துணி ஒன்று மேலிருந்து மெள்ள இறங்குவதைப் பார்த்தாள். திருச்சி கண்ணாஸ்பத்திரியில், உள்திரை பிரிந்துவிட்டது என்று ஒட்டி, கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியும் வைத்து அனுப்பினார்கள். "நாப்பது நாள் கவுந்தே படுக்கணும். குலுக்கல் கூடவே கூடாது. திரை மறுபடி பிரிஞ்சா கண்ணு அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா. ஆம்புலன்ஸில் திரும்பி வரும்போது கலியபெருமாள் முன்னால் உட்கார்ந்து, "சார் இடது... சார் மெதுவா... சார் புளியமரம்" என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் கெஞ்சிக்கொண்டே வந்தார். அன்றிலிருந்து மூச்சைக் கூட ஒதுக்கி விட்டுத்தான் வண்டி ஓட்டினார்.

தையல்நாயகி பாயில் கவிழ்ந்து கிடந்து தரையோடு பேசினாள். "சிமிட்டித் தரையவே பாத்துப் பாத்து, எந்த எறும்பு எந்த எறும்புக்கு மாமியான்னு கூடத் தெரிஞ்சுபோச்சு" என்பாள். வாய் மட்டும் கவிழவில்லை.

ரோட்டு ஆபீஸிலிருந்து வந்த கறுப்புப் பொட்டி அதற்கு முன்பே பஸ்ஸில் ஏறியிருந்தது. உள்ளங்கை அகலம், ஒரு பச்சை விளக்கு. மாட்ட வந்தவர் விளக்கமாகத்தான் சொன்னார். இனி ஜில்லா முழுக்க வண்டிகளுக்கு இது உண்டு, வண்டி குலுங்கினால் பொட்டி எழுதும், எழுதினது அப்படியே ஆபீஸுக்குப் போய் அங்கே இருக்கிற படத்தில் அந்த ரோடு சிவப்பாகும், சிவப்பு ரோட்டுக்குத்தான் இனிமேல் நிதி ஒதுக்கீடு. ஊர் பொட்டிக்குக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தது. இத்தனை வருஷம் எழுதின மனுவெல்லாம் யாரும் படிக்காத மனு, இது தானே எழுதுகிற மனு என்று சந்தோஷப்பட்டார்கள்.

தையல்நாயகி கவிழ்ந்த இருபதாம் நாள் சேதி வந்தது. சில்லாங்குறிச்சி ரோடு பச்சை. ஜில்லாவிலேயே முதல் பச்சை. அதனால் ஒதுக்கீடு கிடையாது. அதோடு, இவ்வளவு நல்ல ரோடு சும்மா கிடப்பானேன் என்று, அடுத்த மாசத்திலிருந்து இன்னும் நூறு கல் லாரிகளை அந்த வழியாகத் திருப்பி விடவும் உத்தரவு.

கலியபெருமாள் கண்டக்டர் தங்கராசுவைக் கூட்டிக்கொண்டு, ரெண்டு டிரிப்புக்கு நடுவில் ரோட்டு ஆபீஸுக்குப் போனார். ஆபீஸர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், படத்தையும் காட்டினார். கோடு கோடாக ஓடின ரோடுகளுக்கு நடுவில் அவர்கள் ரோடு நாற்றங்கால் மாதிரி பச்சைப் பசேலென்று கிடந்தது.

"சார், அதுல அறுபத்தொரு பள்ளம் இருக்கு சார்."

"நீங்க விழுந்தீங்களா?"

"நான் விழ மாட்டேன் சார். ஒதுங்கிப் போவேன்."

"ஒதுங்குனா பொட்டிக்கு எப்படிங்க தெரியும்?"

"அதுக்குத்தான் சார் நான் வந்து வாயால சொல்றேன்."

"வாயால சொல்றது டேட்டா இல்லீங்க" என்றார் ஆபீஸர், ரொம்பத் தன்மையாக.

தங்கராசு குறுக்கே விழுந்தார். "ஒரு நாள் விழுந்துச்சு சார். பெரியாஸ்பத்திரியில. அது உங்களுக்கு வரலையா?"

ஆபீஸர் தேடிப் பார்த்தார். "வந்திருக்கு. ஒரே ஒரு நாள், பெரிய குலுக்கல். ஆனா முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல பாருங்க. இப்படித் தனியா வர்றத பிழைன்னு மிஷினே தள்ளிரும்."

"அது எங்க வீட்டுக்காரி கண்ணு போன நாள் சார்" என்றார் கலியபெருமாள்.

ஆபீஸர் நிஜமாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டு, தொடர்ந்து மூணு நாள் அதே இடங்களில் குலுங்கினால்தான் மிஷின் ஒத்துக்கொள்ளும், அதுவும் இந்த மாசம் முப்பதாம் தேதிக்குள் என்று வழியும் சொன்னார். அன்றைக்குத் தேதி இருபத்தாறு. டாக்டரம்மா சொன்ன நாற்பதுக்கு இன்னும் முழுசாக இருபது நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து கலியபெருமாள் பாய் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். தையல்நாயகி தரையைப் பார்த்தபடி கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார். கோபம்.

"பச்சையா? பச்சைப் பொய்யுன்னு சொல்லுங்க! பதினோரு வருஷம் நீங்க பூப்போல ஒதுங்கி ஒதுங்கி ஓட்டுனீங்க, அவன் என்னடான்னா இவனுங்க சொகமா இருக்கானுங்கன்னு எழுதி வச்சிருக்கான். லாரிக்காரன் வந்தா ஒதுங்குனோம், புழுதி வந்தா ஒதுங்குனோம், குழியப் பாத்தா ஒதுங்குனோம். நாம ஒதுங்குனதெல்லாம் அவங்க கணக்குல நமக்கு நோவே இல்லன்னு ஆகியிருக்கு. போங்க, போயி விழுங்க. அறுபத்தொண்ணுலயும் விழுங்க."

"உன் கண்ணு?"

"நூறு லாரி வந்தா மட்டும் ஒதுங்க எடமிருக்குமா? அப்ப மட்டும் கண்ணு நிக்குமா?"

கலியபெருமாள், அவள் எழும்பாமல் இருக்க எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பது என்று வாய்விட்டே யோசித்தார். திருப்பூரில் இருந்தாலும் எழும்புகிறார்களே, எங்கே போய் ஒளிவது. ஊர்க்காரியாக இருக்கிறவரைக்கும் எழும்பத்தான் செய்வாள்.

"அப்ப ஊர்க்காரியா இல்லாம ஆக்கிருங்க" என்றாள் தையல்நாயகி. "ஒதுக்கி வச்சிருங்க என்னைய."

அந்த வார்த்தை அந்த ஊரில் யாரும் வாயெடுத்துச் சொல்லாத வார்த்தை. முன்னொரு காலத்தில் சாதி மாறிக் கட்டிக்கொண்ட ஒரு ஜோடியை ஊர் கூடி ஒதுக்கி வைத்து, தண்ணீர் கொடுக்காமல், நெருப்புக் கொடுக்காமல் விரட்டியது, அவர்கள் எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியாது. அந்த அசிங்கத்துக்குப் பிறகு அதை மண்ணுக்கடியில் புதைத்து வைத்திருந்தார்கள். தையல்நாயகி சொன்னாள்: "ஒதுக்கி வச்சதுல இதுவரைக்கும் ஒருத்தருக்கும் நல்லது நடந்ததில்ல. எனக்காச்சும் நடக்கட்டும்."

மறுநாள் காலையில் ஊர் கூடியது. பக்கத்து வீட்டுக்காரியும் ஊராட்சி மெம்பருமான குணவதிதான் தீர்ப்பைச் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. வாசல்படிக்கு அந்தப் பக்கம் கவிழ்ந்து கிடந்த தையல்நாயகி உள்ளேயிருந்து கத்தினாள்: "மனசார ஒதுக்குங்கடி! சும்மா வாய்க்குச் சொன்னா வேலைக்கு ஆகாது. என் மேல கோவம் இருக்கிறவங்க சொல்லுங்க!"

முதலில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம் ராசாங்கம், தன் டீயைக் கழனித்தண்ணீர் என்று சந்தையில் வைத்து அவள் சொன்னதைச் சொன்னார். குணவதி, தன்னுடைய வெள்ளாட்டை அவள் பேர் சொல்லித் திட்டியதைச் சொன்னாள். ஒருத்தர் சொல்ல ஒருத்தருக்கு ஞாபகம் வந்து, நல்ல கோபமாகவே கிளம்பியது. "அத்தனையும் நெசம், இன்னமும் சொல்லுவேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்தச் சூட்டோடு குணவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னையிலேருந்து உனக்கும் ஊருக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்று மூன்று தரம் சொன்னாள். கலியபெருமாளும் சொல்ல வேண்டியிருந்தது. முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பார்த்து அவர் அதைச் சொன்னபோது அவர் குரல் வண்டியின் ரிவர்ஸ் கியர் மாதிரி அரைத்தது.

பலித்ததா இல்லையா என்று எப்படித் தெரிவது? யாரும் அவளோடு பேசக்கூடாது. தங்கராசுதான் வழி கண்டுபிடித்தார். "பேசக் கூடாதுன்னுதானே தீர்ப்பு. மிஸ்டு கால் குடுக்கக் கூடாதுன்னு இல்லையே?" எழும்பாவிட்டால் ஒன்று, எழும்பினால் ரெண்டு என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லி வைத்தார்.

இருபத்தெட்டாம் தேதி, முதல் டிரிப். சுண்டைக்காய்ப் பள்ளத்துக்கு முன்னால் கலியபெருமாளின் கை தானாக இடது பக்கம் ஒடித்தது. பதினோரு வருஷப் பழக்கம். அவர் வலது கையால் இடது கையைப் பிடித்து நிறுத்தினார். தங்கராசு கண்டக்டரான நாளிலிருந்து ஒருநாளும் சொல்லத் தேவைப்படாத வார்த்தையைச் சொன்னார்: "புடிச்சுக்குங்க!" சக்கரம் விழுந்தது. ஊர் விரற்கடை எழும்பி இறங்கியது.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு எல்லோரும் தங்கராசுவின் சட்டைப் பையையே பார்த்தார்கள். ஒரு மணி அடித்து நின்றது. இன்னொன்று வருமா என்று காத்திருந்தார்கள். கோழி வைத்திருந்த அம்மாள் கோழியின் வாயைப் பொத்தினாள். வரவில்லை.

"பலிச்சிருச்சு" என்றார் கலியபெருமாள். சொல்லும்போது அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. நிஜமாகவே அவள் நமக்கு அன்னியம் ஆகிவிட்டாளே என்றுதான் இருந்தது. அந்த ஆத்திரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். வாத்தியார், மாப்பிள்ளை, பெரியாஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி விழுந்தார். "இந்தா எழுதிக்க! இதையும் எழுதிக்க!" என்று பொட்டியைப் பார்த்துக் கத்திக்கொண்டே விழுந்தார். ஊர் அறுபத்தொரு தரம் எழும்பியது. பானைகள் உருண்டன, ஓடு சரிந்தது, திருப்பூரில் ஏழு மெஷின் ஊசி முறிந்தது. ஒருத்தரும் வாயைத் திறந்து ஐயோ என்று சொல்லவில்லை. மூன்று நாள், போக வர, அப்படி. வாசற்கதவுக்குப் பின்னால் தையல்நாயகி மட்டும் பாயில் அசையாமல் கிடந்து, ஊர் இறங்குகிற சத்தத்தை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

நாற்பது முடிகிறவரை ஒதுங்கியே இருக்கிறேன், அதுதான் கண்ணுக்குப் பத்திரம் என்று அவள் சுவரிடம் சொல்லிவிட்டாள். கலியபெருமாள் சோறாக்கி வைத்துவிட்டு, "ஏ சன்னலே, ரசம் சூடா இருக்கு, சொல்லிரு" என்பார். "ஏ எறும்பே, உப்பு பத்தலைன்னு சொல்லு" என்று பதில் வரும். ஊர் பேசவில்லை. ஆனால் அவள் போன் பகல் முழுக்க ஒரு மணி அடித்து அடித்து நின்றது. வெள்ளாட்டைக் கட்டினதும் குணவதி ஒன்று, கடை திறந்ததும் ராசாங்கம் ஒன்று, திருப்பூரிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பன்னிரண்டு. எடுத்துப் பேசாத அந்த மணியில் யார் என்ன சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆபீஸிலிருந்தும் பதில் வந்தது. பதினோரு வருஷம் ஒதுங்கினவருக்கு வந்த பதிலைக் கேளுங்கள். ரெண்டு மாசம் பச்சையாக இருந்த ரோடு மூன்று நாளில் சிவப்பாக வாய்ப்பில்லை, ஆகவே கோளாறு ரோட்டில் இல்லை, டிரைவரிடம்தான். தாறுமாறாக வண்டி ஓட்டியதற்கு உம்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு ஒரு காகிதம். ஆபீஸரே நேரில் வந்து பார்ப்பார், பார்த்த பிறகு லாரிகள் திருப்பி விடப்படும். டீக்கடையில் தங்கராசு அதை வாசித்தபோது ராசாங்கம் ஊற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே மண்ணில் கொட்டினார்.

கலியபெருமாள் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வாரம் நாற்பது முடிந்தது. திருச்சியில் கண்ணைப் பார்த்த டாக்டரம்மா, திரை நன்றாக ஒட்டிக்கொண்டது, இனிமேல் பயமில்லை என்றார். திரும்பி வரும் வழியில் முன்சீட்டுக் கம்பியிடம் தையல்நாயகி ஏதோ சொல்ல, கம்பியிடமே அவர் தலையாட்டினார்.

ஆபீஸர் வெள்ளை ஜீப்பில் வந்து இறங்கினார். அவருடைய டிரைவரும் நல்ல டிரைவர்தான், ஒதுங்கித்தான் ஓட்டி வந்தார். "பாருங்க, நான் வந்தவரைக்கும் ஒண்ணும் குலுங்கலையே?" என்றார் ஆபீஸர். குணவதி ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தாள். ஒரு பக்கம் ஆபீஸரையும், அவருக்குப் பக்கத்தில் தையல்நாயகியையும் சேர்த்து நிற்க வைத்தார்கள். ஒரே தட்டு ரெண்டு பேரையும் மூன்று சுற்றுச் சுற்றியது. பொட்டு வைத்தார்கள். கிணற்றுத் தண்ணீர் சொம்பு ஆபீஸரிடம் வந்து, பிறகு அவளிடம் போனது.

"இனிமே நீங்க எங்க ஊரு" என்று ஊரே சொன்னது.

"சந்தோஷம், சந்தோஷம்" என்றார் ஆபீஸர். மூன்று தரமும் சொன்னார். ஜீப்பில் ஏறும்போது தங்கராசு தன் போன் நம்பரைக் கொடுத்து, "இனிமே பஸ்ஸு விழுந்தா ஊரோட நீங்களும் எழும்புவீங்க சார்" என்றதற்குச் சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலை பதினொரு மணி டிரிப்பில் தையல்நாயகி டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ரெண்டு கண்ணும் திறந்திருந்தது. ஜில்லாத் தலைநகரில் அந்த நேரம் பெரிய அதிகாரிகளெல்லாம் கூடுகிற கூட்டம் என்று தங்கராசு விசாரித்து வைத்திருந்தார். ஊரில் அடுப்பு அணைந்திருந்தது, பானைகள் தரைக்கு இறங்கியிருந்தன. சுண்டைக்காய்ப் பள்ளம் வந்தது. கலியபெருமாளின் கை லேசாக ஒடித்தது.

"ஒதுங்காதீங்க" என்றாள் பின்னாலிருந்து. "நேரா விடுங்க."

விட்டார். அவளும் எழும்பினாள். பஸ்ஸுக்குள்ளேயே குலவை எழுந்தது. அது அடங்குவதற்குள் தங்கராசுவின் போன் அடித்தது. ஒரு மணியோடு நிற்கவில்லை, விடாமல் அடித்தது. அவர் எடுத்து, சத்தம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி டிரைவர் பக்கம் நீட்டினார். அந்தப் பக்கம் நாற்காலிகள் நகருகிற சத்தம், யாரோ தண்ணீர் கொண்டுவரச் சொல்கிற சத்தம். அப்புறம் ஆபீஸர் குரல், ரகசியமாக.

"டிரைவர்... இப்ப நீங்க எங்கயாவது விழுந்தீங்களா?"

"ஆமா சார். சுண்டைக்காய்ப் பள்ளம். ரொம்பச் சின்னது."

"இன்னும் எத்தன இருக்கு?"

"அறுபது சார்."

"இருங்க, இருங்க. வண்டிய எடுக்காதீங்க. வாயால சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

"வாயால சொல்றது டேட்டா இல்லீங்களே சார்" என்றார் கலியபெருமாள், ரொம்பத் தன்மையாக. கியரை மாற்றினார். "அடுத்தது வாத்தியார் பள்ளம். நம்ம ஊர்க்காரராச்சேன்னு சொல்றேன், புடிச்சுக்குங்க."